வடிகட்டி எடுத்துவிட்டால் போதுமா? உலோக–கரிமக் கட்டமைப்பு வினையூக்கிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

2025 அக்டோபரில் வேதியியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதிலிருந்து உலோக–கரிமக் கட்டமைப்பு என்ற பெயர் பலர் வாயில் அடிபடுகிறது. பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும், கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துவைக்கும், நச்சை நீக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படும் வினையூக்கியாக இருக்கும் என்று ஒரே மூச்சில் அடுக்கிவிடுகிறார்கள். இவற்றில் கடைசியாக வரும் வினையூக்கி விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது மட்டுமே.

திருநெல்வேலி வட்டாரக் கல்லூரிகளில் வேதியியல் படிக்கும் பிள்ளைகளோடு பேசும்போது ஒரு கேள்வி அடிக்கடி வரும். “சார், வினையூக்கி என்றாலே தீராதது என்றுதான் பள்ளியில் படித்தோம். தீராத ஒன்றை ‘மறுபடியும் பயன்படுத்தலாம்’ என்று ஏன் தனியாகப் பெருமைப்பட்டு எழுதுகிறார்கள்?” அருமையான கேள்வி. இதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வேதியியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவர்களும் கூடவே வரலாம். வேண்டிய சொற்களை அங்கங்கே ஒருமுறை விளக்கிவிடுகிறேன்.

மலையைத் தாண்ட இரண்டு வழி

திருநெல்வேலியிலிருந்து கொல்லத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அகத்தியர் மலை மட்டுமே 1,868 மீட்டர் உயரம். அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாலும் கேரளம்தான். ஆனால் அதற்கான தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்? மற்ற எல்லோரும் தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாயில் புகுந்து புனலூர் போய்ச் சேருகிறோம். ரயிலும் அந்த வழியைத்தான் பிடிக்கிறது.

வேதிவினையிலும் இப்படி ஒரு மலை உண்டு. ஒரு மூலக்கூறு இன்னொன்றாக மாற வேண்டுமானால் பழைய பிணைப்புகள் தளர வேண்டும், புதியவை உருவாக வேண்டும். அதற்கு நடுவில் ஏற வேண்டிய ஆற்றல் மேட்டுக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். சாதாரண வெப்பத்தில் மிகச் சில மூலக்கூறுகளுக்கே அந்த மேட்டைத் தாண்டும் வலு இருக்கும். அதனால் வினை ஊர்ந்து போகும். வினையூக்கி என்பது தாழ்வான வேறொரு வழியைத் திறந்துவிடும் பொருள். மலை அப்படியே இருக்கிறது, கணவாய் கிடைத்துவிடுகிறது.

இந்த ஒப்புமையிலிருந்து இன்னும் இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். கணவாய் இருப்பதால் திருநெல்வேலியும் கொல்லமும் இடம் மாறிவிடுவதில்லை. அதேபோல, தொடக்கப் பொருளுக்கும் விளைபொருளுக்கும் இடையிலுள்ள ஆற்றல் வேறுபாட்டை வினையூக்கியால் மாற்ற முடியாது. ஆற்றல் கணக்கு இடம் கொடுக்காத வினையை எந்த வினையூக்கியும் நடத்திக்காட்டாது. அடுத்தது, கணவாய் போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் பொது. வினையூக்கியும் முன்னோக்கிய வினையையும் பின்னோக்கிய வினையையும் சேர்த்தே விரைவுபடுத்துகிறது. கடைசியில் எது எவ்வளவு இருக்கும் என்ற சமநிலை மாறாது. அந்த நிலைக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம், அவ்வளவுதான்.

ஆனால் முக்கியமான ஓர் இடத்தில் இந்த ஒப்புமை உதவாது. கணவாய் சும்மா கிடக்கிறது, வண்டிகள் போகின்றன. வினையூக்கி அப்படிச் சும்மா கிடப்பதில்லை.

வினையில் கலந்துகொள்ளும் பொருள்

“வினையில் ஈடுபடாமல் அதன் வேகத்தை மாற்றும் பொருள் வினையூக்கி” என்று மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். இந்த வாக்கியத்தின் முதல் பாதி தவறு. அதைத் திருத்திக்கொள்ளாமல் மேலே போகவே முடியாது.

வினையூக்கி வினையில் முழுமூச்சாக ஈடுபடுகிறது. வந்த மூலக்கூறைப் பிடிக்கிறது, அதனோடு தற்காலிகமாகப் பிணைகிறது, அதன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது அல்லது தன்னுடையதைக் கொடுக்கிறது, மூலக்கூறு உருமாறியதும் அதை விடுவித்துப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அடுத்த மூலக்கூறு வருகிறது. மறுபடியும் அதே வேலை. இந்த ஒரு சுற்றுக்கு வினையூக்கச் சுழற்சி என்று பெயர். ‘தீராதது’ என்று நாம் சொல்வது சுற்றின் முடிவில் அது பழைய நிலைக்கு வந்துவிடுகிறது என்ற பொருளில்தான்.

இப்போது அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு சுற்றிலும் பிணைந்து பிரிகிற ஒன்று, ஏதோ ஒரு சுற்றில் பிரியாமல் போக வாய்ப்பு உண்டு. லட்சம் சுற்றில் ஒருமுறை தவறினாலும் போதும், கோடிக்கணக்கான சுற்றுகள் நடக்கும் இடத்தில் அது பெரிய இழப்பு. விளைபொருள் விட்டுப் போகாமல் ஒட்டிக்கொள்ளலாம். வேறொரு மாசு வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கலாம். இதை வினையூக்கி நச்சு என்பார்கள். வாகனங்களின் புகைக்குழாயில் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம் வினையூக்கிகளுக்கு ஈயம் நச்சு. ஈயம் கலந்த பெட்ரோலை உலகம் முழுக்கக் கைவிட்டதற்கும், இந்தியாவில் 2000-ல் அது நிறுத்தப்பட்டதற்கும் இதுவும் ஒரு காரணம். அமோனியா தயாரிக்கும் இரும்பு வினையூக்கி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் உள்ளே வரும் வாயுவில் கந்தகம் சேர்ந்துவிட்டால் அதன் ஆயுள் குறுகிவிடும். தூத்துக்குடி போன்ற உர ஆலை நகரங்களில் பொறியாளர்களுக்கு இது அன்றாடப் பாடம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வினையூக்கி தாழ்வான வழியைத் திறக்கிறது. அதற்காக ஒவ்வொரு சுற்றிலும் வினையில் கலந்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்புதல் எத்தனை முறை பிழையின்றி நடக்கும் என்பது அளந்து பார்த்துச் சொல்ல வேண்டிய செய்தி. பெயரிலேயே அது உறுதியாகிவிடவில்லை.

கரைந்து வேலை செய்வதும் கரையாமல் வேலை செய்வதும்

வினையூக்கிகளை இரண்டாகப் பிரிப்பார்கள். வினை நடக்கும் திரவத்திலேயே கரைந்திருப்பவை ஒருபடித்தானவை. கரையாமல் திண்மமாக, தனியாக இருப்பவை பலபடித்தானவை.

கரைகிற வினையூக்கியில் ஒவ்வொரு மூலக்கூறும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இருக்கும். உலோக அயனியைச் சுற்றி எந்த அணு எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். வேண்டியபடி மாற்றி அமைக்கலாம். குறை, வேலை முடிந்ததும் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. மருந்துப் பொருளில் உலோகத் துணுக்கு தங்கிவிட்டால் அதை நீக்க இன்னொரு செலவு. விலை உயர்ந்த உலோகமாக இருந்தால் கழிவோடு பணமும் போகிறது.

திண்மத்தில் இந்தத் தொல்லை இல்லை. வடிதாளில் ஊற்றினால் தூள் மேலே, திரவம் கீழே. ஆனால் சாதாரணத் திண்மத்தின் மேற்பரப்பு சீரானதல்ல. விளிம்பில் ஓர் அணு, மூலையில் ஓர் அணு, தட்டையான இடத்தில் ஓர் அணு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணத்தோடு இருக்கும். வேலையைச் செய்வது எது என்று கண்டுபிடிப்பதே ஓர் ஆராய்ச்சி. போதாததற்கு, உள்ளே புதைந்திருக்கும் அணுக்கள் அத்தனையும் வீண்.

இரண்டின் நன்மையும் ஒரே பொருளில் கிடைத்தால்? வேதியியலாளர்கள் உலோக–கரிமக் கட்டமைப்புகளை நோக்கிப் போனதற்கு இந்த ஆசைதான் காரணம்.

உலோகம் ஒரு முனை, கரிமம் ஒரு சட்டம்

உலோக–கரிமக் கட்டமைப்பு என்பது உலோக அயனிகளையோ சிறு உலோகத் திரள்களையோ முனைகளாகவும், கரிம மூலக்கூறுகளை அவற்றை இணைக்கும் சட்டங்களாகவும் கொண்டு முப்பரிமாணத்தில் விரியும் படிகம். முனையையும் சட்டத்தையும் சேர்ப்பது ஈதல் பிணைப்பு. அதாவது, கரிம மூலக்கூறில் உள்ள ஆக்ஸிஜன் அல்லது நைட்ரஜன் தன் எலக்ட்ரான் இணையை உலோகத்துக்குக் கொடுத்து உருவாக்கும் பிணைப்பு. சட்டங்களுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்துக்கு வாசலும் உண்டு. உள்ளே மூலக்கூறுகள் போய்வரலாம்.

நோபல் பரிசு பெற்ற மூவரின் பங்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ராப்சன் 1989-ல் தாமிர அயனிகளையும் நான்கு கைகள் கொண்ட ஒரு கரிம மூலக்கூறையும் சேர்த்து, வைரத்தின் அமைப்பை ஒத்த, ஆனால் உள்ளே இடைவெளி நிறைந்த படிகத்தை உருவாக்கிக் காட்டினார். அது எளிதில் குலைந்துபோகும் தன்மை கொண்டது. கியோட்டோவின் சுசுமு கிடகவா 1997-ல் இத்தகைய கட்டமைப்புக்குள் வாயுக்கள் போய் வர முடியும் என்று நிறுவினார். ஓமர் யாகி 1995-ல் இந்தப் பெயரை வழங்கினார், 1999-ல் எம்.ஓ.எஃப்.-5 என்ற கட்டமைப்பை வெளியிட்டார் (எம்.ஓ.எஃப். என்பது உலோக–கரிமக் கட்டமைப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). அதன் முனை துத்தநாகமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த திரள். சட்டம் டெரிப்தாலிக் அமிலம். உள்ளிருக்கும் கரைப்பானை முழுக்க வெளியேற்றி 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினாலும் அது குலையவில்லை.

டெரிப்தாலிக் அமிலம் நமக்கு அந்நியமானதல்ல. குடிநீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்கின் இரண்டு மூலப்பொருள்களில் ஒன்று அது. தாமிரபரணிக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் ஒவ்வொரு காலிப் பாட்டிலிலும் அது பிணைந்திருக்கிறது. பாட்டிலைச் சிதைத்து அந்த அமிலத்தை எடுத்து இந்தக் கட்டமைப்புகளைச் செய்யும் முறைகளும் உண்டு.

எம்.ஓ.எஃப்.-5 ஒரு கிராமின் உள்பரப்பு சுமார் 2,900 சதுர மீட்டர் என்று 1999-ல் அளந்தார்கள். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 70 சென்ட் நிலம். இந்த எண்ணைக் கேட்டதும் ‘இவ்வளவு பரப்பு இருப்பதால்தான் நல்ல வினையூக்கி’ என்று முடிவுகட்டுவது பரவலான தவறு. பரப்பு என்பது இடவசதி. வாயுவைச் சேமிக்க அந்த வசதியே போதும். வினை நடக்க வேண்டுமானால், அந்தப் பரப்பில் மூலக்கூறைப் பிடித்து மாற்றக்கூடிய புள்ளிகள் இருக்க வேண்டும். அந்தப் புள்ளிக்குக் கிளர்வு மையம் என்று பெயர்.

வேலை நடக்கும் புள்ளி

கிளர்வு மையம் எப்படி இருக்கும் என்று கண்ணாலேயே ஓரளவு பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1999-ல் கண்டறிந்த எச்.கே.யு.எஸ்.டி.-1 என்ற கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். காப்பர் நைட்ரேட்டையும் மூன்று அமிலக் கைகள் கொண்ட டிரைமெசிக் அமிலத்தையும் நீரும் எத்தனாலும் கலந்த கரைப்பானில் போட்டு, மூடிய கலத்தில் சூடாக்கினால் நீலத் தூள் கிடைக்கும். அதில் தாமிர அயனிகள் இரண்டிரண்டாக நெருங்கி நிற்கும். நான்கு அமிலக் கைகள் அந்த இணையைச் சுற்றிப் பிடித்திருக்கும். ஒவ்வொரு தாமிரத்துக்கும் இன்னும் ஓர் இடம் மிச்சம். அதில் நீர் மூலக்கூறு உட்கார்ந்திருக்கும்.

இந்தத் தூளை வெற்றிட அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் நீர் போய்விடும். வெளிர்நீலம் மாறி ஊதா கலந்த கருநீலமாகும். அந்த நிறமாற்றம் தாமிரத்தின் அந்த மிச்ச இடம் திறந்துவிட்டது என்பதற்கு அடையாளம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை ஈரம் சுமந்த காற்றில் அந்தக் குப்பியைத் திறந்து வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் ஓரத்திலிருந்து வெளிறத் தொடங்கி மறுபடியும் இளநீலமாகிவிடும். காற்றில் இருந்த நீர், திறந்த இடங்களைப் பிடித்துக்கொண்டது. கிளர்வு மையம் இருப்பதையும், அது எவ்வளவு எளிதில் அடைபடும் என்பதையும் இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது.

திறந்த தாமிரம் எலக்ட்ரானுக்கு ஏங்கும் இடம். உதாரணமாக, எபாக்சைடு என்ற வகை மூலக்கூறில் இரண்டு கார்பனும் ஓர் ஆக்ஸிஜனும் நெருக்கடியான முக்கோண வளையமாக இருக்கும். அந்த ஆக்ஸிஜன் தாமிரத்தில் ஒட்டியதும் அதன் எலக்ட்ரான்கள் உலோகத்தை நோக்கி இழுபடும்; கார்பன்–ஆக்ஸிஜன் பிணைப்பு தளரும். அந்த நேரத்தில் புரோமைடு அயனி ஒன்று வந்து கார்பனைத் தாக்கினால் வளையம் திறக்கும். கார்பன் டை ஆக்சைடு உள்ளே நுழையும், பெரிய வளையமாக மூடிக்கொள்ளும், புரோமைடு வெளியேறும். கிடைப்பது வளையக் கார்பனேட்டு. லித்தியம் மின்கலங்களில் கரைப்பானாகப் பயன்படும் பொருள்களின் குடும்பம் இது. உலோக–கரிமக் கட்டமைப்பு வினையூக்கம் பற்றிய ஆய்வுகளில் மிக அதிகமாகச் செய்து பார்க்கப்படும் வினைகளில் இதுவும் ஒன்று.

எல்லாக் கட்டமைப்புகளிலும் மையம் இப்படி எளிதாகத் திறந்துவிடாது. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் 2008-ல் வெளிவந்த யூ.ஐ.ஓ.-66 கட்டமைப்பில் முனை என்பது ஆறு சிர்கோனிய அணுக்கள் சேர்ந்த திரள். ஒவ்வொரு திரளையும் பன்னிரண்டு டெரிப்தாலிக் அமிலச் சட்டங்கள் பிடித்திருக்கின்றன. அத்தனை பிடிமானம் இருப்பதால் நீரையும் வெப்பத்தையும் அது நன்றாகத் தாங்குகிறது. ஆனால் பன்னிரண்டு இடமும் நிரம்பியிருந்தால் வெளியிலிருந்து வரும் மூலக்கூறு பிடித்துக்கொள்ள இடமேது? உண்மையில், நாம் செய்யும் படிகங்களில் அங்கங்கே சில சட்டங்கள் விடுபட்டிருக்கும். அந்தக் குறையுள்ள இடங்கள்தான் வேலையில் பெரும்பங்கைச் செய்கின்றன. வேண்டுமென்றே குறையை உண்டாக்கி வினையின் வேகத்தைக் கூட்டும் வித்தையும் வந்துவிட்டது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

சிர்கோனியத்துக்கும் நம் கரைக்கும் உறவு உண்டு. தென்கோடிக் கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்கான் கனிமம்தான் அதன் மூலம். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, பழையகாயலில், அணுசக்தித் துறையின் சிர்கோனியம் வளாகம் சிர்கான் மணலிலிருந்து சிர்கோனியம் எடுக்கிறது. அது அணு உலை எரிபொருள் குழாய்களுக்காக. எனினும் தனிமம் ஒன்றுதான்.

மறுபடியும் சுருக்கிச் சொன்னால்: கட்டமைப்பு இடத்தையும் வாசலையும் தருகிறது. வேலையைச் செய்வது திறந்த உலோக முனை, விடுபட்ட சட்டத்தின் இடம், அல்லது சட்டத்தில் கட்டிவிடப்பட்ட அமினோ போன்ற ஒரு தொகுதி. படிகம் முழுவதும் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருவதால், கரையும் வினையூக்கியில் போலவே மையத்தின் அமைப்பைத் தெரிந்து வடிவமைக்கலாம். திண்மம் என்பதால் வடிகட்டியும் எடுக்கலாம்.

ஒரே உயரத்தில் ஐந்து பட்டைகள்

இனி, மறுபயன்பாடு. ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாக ஒரு படம் வரும். முதல் முறை, இரண்டாம் முறை என்று ஐந்து பட்டைகள். அந்தந்த முறை வினை எத்தனை சதவீதம் நடந்தது என்பதைப் பட்டையின் உயரம் காட்டும். எல்லாம் ஏறத்தாழ ஒரே உயரம். செய்முறையும் எளிது. வினை முடிந்ததும் தூளை வடிகட்டுவார்கள் அல்லது மையவிலக்குக் கருவியில் சுழற்றிப் படியவைப்பார்கள். கரைப்பானால் கழுவி, உலர்த்தி, புதிய மூலப்பொருளோடு மறுபடியும் போடுவார்கள். படத்தைப் பார்ப்பவர்கள் வினையூக்கி அசையாமல் நிற்கிறது என்று நம்பிவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதிய வினையூக்கி 2 மணி நேரத்தில் வினையை 99 சதவீதம் முடித்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் வினையை 12 மணி நேரம் ஓடவிட்டு, கடைசியில் மட்டும் அளக்கிறார்கள். வினையூக்கியின் திறனில் முக்கால் பங்கு அழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் நான்கில் ஒன்றாகும். 2 மணி நேர வேலைக்கு 8 மணி நேரம் ஆகும். 12 மணி நேரம் கழித்துப் பார்த்தால் அப்போதும் 99-க்குக் குறையாது! பட்டையின் உயரம் மாறவே மாறாது. முக்கால் பங்கு செத்துப்போன வினையூக்கி முழு மதிப்பெண் வாங்கிவிடும்.

ஆகவே அளக்க வேண்டியது பாதி வழியில். வினை 20, 30 சதவீதம் நடந்திருக்கும்போதே நிறுத்தி, முதல் முறையையும் ஐந்தாம் முறையையும் ஒப்பிட வேண்டும். நேரத்துக்கு ஏற்ப மாற்றம் எப்படி ஏறுகிறது என்ற கோடு முழுவதையும் இரு முறைக்கும் வரைந்து காட்டினால் இன்னும் நல்லது. கட்டுரையில் இது இல்லை என்றால், ஐந்து பட்டைகளை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

வளையக் கார்பனேட்டு வினையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புரோமைடைத் தருவதற்காகச் சேர்க்கும் உப்பு பெரும்பாலும் கரையக்கூடியது. தூளை வடிகட்டும்போது அது திரவத்தோடு போய்விடும். அடுத்த முறை புதிதாகச் சேர்த்தால்தான் வினை ஓடும். இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலையில் ஒருவர் மட்டுமே திரும்பி வந்திருக்கிறார். போதாததற்கு, அந்த உப்பு தனியாகவே கொஞ்சம் வினையை நடத்தும். கட்டமைப்பு இல்லாமல் உப்பை மட்டும் போட்டு எவ்வளவு நடக்கிறது என்று பார்க்காதவர்கள், உப்பின் பங்கையும் சேர்த்துக் கட்டமைப்பின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

தூளைவிடத் திரவம் அதிகம் சொல்லும்

அடுத்த சந்தேகம் இன்னும் ஆழமானது. வேலையைச் செய்தது தூளா, அல்லது தூளிலிருந்து நழுவிக் கரைந்துபோன உலோகமா? இந்த நழுவலைக் கசிவு என்று சொல்வோம். ஈதல் பிணைப்பு மீண்டும் மீண்டும் உருவாகவும் உடையவும் கூடியது. அந்தக் குணத்தால்தான் படிகம் ஒழுங்காக வளர்கிறது. அதே குணத்தால்தான் அமிலமோ காரமோ நீரோ சேரும்போது உலோகம் கழன்றும் வருகிறது. எம்.ஓ.எஃப்.-5 ஈரக் காற்றிலேயே குலையத் தொடங்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கச் சூட்டு வடிகட்டல் என்ற சோதனை இருக்கிறது. வினை பாதி நடந்துகொண்டிருக்கும்போது, சூடு ஆறாமல், தூளை முழுக்க வடிகட்டிவிட வேண்டும். தெளிந்த திரவத்தை அதே வெப்பத்தில் தொடர்ந்து வைத்து, வினை மேலும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றுவிட்டால், வேலையைத் தூள்தான் செய்தது என்பதற்கு நல்ல ஆதாரம். தொடர்ந்தால், வேலை செய்பவன் திரவத்தில் கரைந்திருக்கிறான். சூடு ஆறவிடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு: கரைந்த உலோகம், குறிப்பாகப் பல்லேடியம், ஆறும்போது மறுபடியும் தூளின் மேலேயே போய்ப் படிந்துவிடக்கூடும். அப்போது வடிகட்டினால் திருட்டு தெரியாது.

எவ்வளவு குறைந்த உலோகம் போதும் தெரியுமா? இரண்டு பென்சீன் வளையங்களை இணைக்கும் சுசுகி வினைக்குப் பல்லேடியம் வேண்டும். 2003-ல் ஓர் ஆய்வுக் குழு உலோகமே இல்லாமல் இந்த வகை வினையை நடத்தியதாக வெளியிட்டது. அதே குழு விடாமல் தேடியது. 2005-ல், தாங்கள் பயன்படுத்திய விற்பனைச் சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு என்ற அளவில் பல்லேடியம் மாசாக இருந்தது என்றும், வினையை நடத்தியது அதுவாகவே இருக்க வேண்டும் என்றும் அவர்களே வெளியிட்டார்கள். அவ்வளவு நேர்மையாகத் தங்கள் முடிவைத் தாங்களே திருத்தியதற்காக அந்தக் குழுவை நான் மிகவும் மதிக்கிறேன். பல்லேடியத்தைக் கட்டமைப்புக்குள் வைத்து ‘ஒன்றும் கசியவில்லை’ என்று எழுதுகிறவர்கள் எவ்வளவு கூர்மையாக அளக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

தூளையும் பார்க்க வேண்டும்தான். எக்ஸ் கதிர்களைச் செலுத்தினால் படிகத்தின் அடுக்குக்கு ஏற்ப உச்சங்கள் கொண்ட ஒரு வரைபடம் கிடைக்கும். வினைக்கு முன்னும் பின்னும் அது ஒத்துப்போனால் படிகத்தின் பெரும்பகுதி பிழைத்திருக்கிறது என்று பொருள். ஆனால் நூறில் இரண்டு பங்கு குலைந்திருந்தால் இந்த வரைபடத்தில் தெரியாது. வினையை நடத்த அந்த இரண்டு பங்கே போதுமானதாக இருக்கலாம். அதனால்தான் திரவத்தைச் சோதிப்பது முதன்மையானது என்கிறேன்.

எங்கே உதவும், எங்கே உதவாது

பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளில் நெடுங்காலமாக உழைப்பது சியோலைட்டு; சிலிக்கான், அலுமினியம், ஆக்ஸிஜன் சேர்ந்த நுண்துளைப் படிகம். அதன் துளைகளில் கரி படிந்து அடைத்துக்கொண்டால், காற்றில் சூடாக்கிக் கரியை எரித்துவிடுவார்கள். வினையூக்கி புதிதுபோல் ஆகிவிடும். உலோக–கரிமக் கட்டமைப்பில் இது நடக்காது. கரியை எரிக்கும் சூட்டில் கரிமச் சட்டமும் சேர்ந்து எரியும். இந்த ஒரு காரணத்தாலேயே, உயர் வெப்பப் பெருந்தொழில்களில் சியோலைட்டின் இடத்தை இது பிடித்துவிடும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

மிதமான வெப்பத்தில், விலை உயர்ந்த பொருள்களை, நுட்பமாகச் செய்ய வேண்டிய இடங்களில்தான் இதன் பலம். வாசலின் அளவை நாம் தீர்மானிப்பதால் சில மூலக்கூறுகளை மட்டும் உள்ளே விடலாம். 1994-லேயே ஜப்பானில் மகோட்டோ ஃபுஜிட்டா குழு காட்மியம் கொண்ட ஒரு வலையமைப்பை வினையூக்கியாகப் பயன்படுத்தியபோது, வந்த மூலக்கூறின் வடிவத்துக்கு ஏற்ப வினை மாறுபட்டதைக் கண்டது. 2000-ல் தென்கொரியாவில் கிமூன் கிம் குழு, இடக்கை–வலக்கை வேறுபாடு கொண்ட கட்டமைப்பைச் செய்து, ஒரு கை வடிவத்தைச் சற்றே கூடுதலாகத் தேர்ந்தெடுக்க முடியும் என்று காட்டியது. மருந்துத் தயாரிப்பில் அந்த வேறுபாடு உயிர்நாடி. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் பாஸ்பரஸ் நச்சுகளை நீரால் பிளப்பதில் சிர்கோனியக் கட்டமைப்புகள் நிமிடக் கணக்கில் வேலை செய்கின்றன. அங்கும் விளைபொருள் சிர்கோனியத்தை விடாமல் பிடித்துக்கொள்வது ஒரு சிக்கலாகவே இருக்கிறது.

கல்லூரி ஆய்வகத்திலேயே செய்து பார்க்க

தாமிரக் கட்டமைப்பை வைத்து முதுகலைத் திட்டம் செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. கசிவைப் பார்க்க விலை உயர்ந்த கருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். சூடாக வடித்த திரவத்தில் ஒரு பகுதியைப் புகைக்கூண்டில் வைத்து ஆவியாக்குங்கள். மிஞ்சியதை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் குலுக்கி, நீர்ப்பகுதியைப் பிரித்தெடுங்கள். அதில் அம்மோனியாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் பார்த்த அதே கருநீலம் வந்தால் தாமிரம் கணிசமாகவே கழன்றிருக்கிறது. அம்மோனியா விட்ட அந்தக் கரைசலில் ஒரு பகுதியை எடுத்து அசிட்டிக் அமிலத்தால் இலேசான அமிலமாக்கி, பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு சேருங்கள். சிவந்த பழுப்பு நிறம் இன்னும் குறைந்த தாமிரத்தையும் காட்டிக்கொடுக்கும். கட்டமைப்பே சேர்க்காத வினைக்கலவையையும் பக்கத்தில் வைத்து இதே சோதனையைச் செய்யுங்கள். உங்கள் கண்ணாடிக் குடுவையிலோ வேதிப்பொருளிலோ ஏற்கெனவே தாமிரம் இருந்ததா என்பது அதில் தெரிந்துவிடும்.

இரண்டிலும் நிறம் வரவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியும் அளவில் கசிவு இல்லை என்று மட்டும் எழுதலாம். அதற்கும் கீழே போக வேண்டுமானால், தனிமங்களை மிகக் குறைந்த செறிவிலும் அளக்கும் கருவி உள்ள மையத்துக்கு வடிதிரவத்தை அனுப்ப வேண்டும். அனுப்பும்போது முதல் முறை வடித்த திரவத்தையும் கடைசி முறை வடித்ததையும் தனித்தனிக் குப்பிகளில் அனுப்புங்கள். கசிவு தொடக்கத்தில் மட்டும் நடந்து நின்றுவிட்டதா, ஒவ்வொரு முறையும் தொடர்கிறதா என்பதை அந்த இரண்டு எண்களும் சேர்ந்துதான் சொல்லும்.